அதன் மேல் தூங்குவேன்

ஆங்கில மரபுத்தொடர்கள் கற்றுத் தரப்படும் என்று போர்டு மாட்டியிருந்த காலத்தில், எனக்கு அந்த மரபுத்தொடர்கள் ஏ-யிலிருந்து ஆர் வரைக்கும்தான் தெரியும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு தள்ளுவண்டியில் வாங்கிய பழைய கைடு, ‘ரெட் லெட்டர் டே’ என்ற இடத்தோடு அறுந்துபோயிருந்தது. மீதிப் பக்கங்களை யாரோ பகோடா மடிக்கக் கிழித்திருக்கிறார்கள். எஸ்ஸில் தொடங்கி இசட்டில் முடிகிற வெள்ளைக்காரன் சாமர்த்தியம் முழுவதும் எண்ணெயோடு போய்விட்டது.

போனால் போகட்டும், முக்கால்வாசி அகரவரிசை கையில் இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் ஒரு மார்கழிக் காலையில், புது டெரிலின் பேண்ட் மாட்டிக்கொண்டு, கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு வரப்பின் மேல் நடந்துபோனேன். பாதி வழியில் வழுக்கி வாய்க்காலுக்குள் உட்கார்ந்தேன்.

பனி இன்னும் விலகவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த முத்துவேல் திரும்பிப் பார்த்தார்.

“பாத்து வாங்க சார். பனியில வழுக்கும்.”

அதை விழுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். அவருடைய மகள் தமிழ்ச்செல்வி தாவணி முனையை வாயில் அழுத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஆர் யூ ஆல்ரைட், சார்?” என்று கேட்டாள். சுத்தமான உச்சரிப்பு. நான் சொல்லிக்கொடுத்தது. ஏ வரிசை.

முத்துவேல் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தவர். அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் கையில் இருந்த நிலம். அது இனியும் அவர் கையில் நிற்குமா என்பதை நிலத்துக்காரரிடம் இங்கிலீஷில் பேசித் தீர்க்கத்தான் நாங்கள் மூவரும் போய்க்கொண்டிருந்தோம். மகள் பேசுவாள். அவள் தடுமாறினால் தூக்கிவிட நான்.

தூக்கிவிடப் போனவனை முதலில் அவர்கள் வாய்க்காலிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ஜவுளிக்கடை மாடியில் இங்கிலீஷ்

என் டுடோரியல் கீழ்வேளூர்க் கடைத்தெருவில், ஹாஜா பாயின் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பாயின் சொந்தக்காரப் பையன்கள் சிங்கப்பூருக்கும், அப்போதுதான் திறந்துகொண்ட அரபு நாடுகளுக்கும் போவதற்காக வந்து உட்கார்ந்தார்கள். குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் வேலை கிடைக்கும் என்று வந்தார்கள்.

“வாத்தியாரே, இந்தப் பயலுவளுக்கு ‘ஹவ் மச்’, ‘டூ மச்’ ரெண்டும் வந்தா போதும். பொழச்சிக்குவானுவோ. நீங்க என்னமோ புதரு, மம்பட்டின்னு நடத்துறீங்களாமே?” என்று பாய் கேட்பார்.

புதர் என்று அவர் சொன்னது ‘பீட் அபௌட் த புஷ்’ஷை. புதரைச் சுற்றிச் சுற்றி அடிப்பது, அதாவது விஷயத்துக்கு நேராக வராமல் இழுத்தடிப்பது என்று நான் விளக்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்.

“உள்ள பாம்பு கெடந்தா சுத்தித்தான சார் அடிக்கணும்? நேரா உள்ள கைய விட்டா புடுங்கிடாது?”

வெள்ளைக்காரன் ஊரில் பாம்பு குறைவு என்று சொல்லித் தப்பித்தேன். ‘கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்’ அதைவிட மோசம். மண்வெட்டியை மண்வெட்டி என்று சொல்வது என்றேன். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. அதை வேறு என்னவென்று சொல்வார்கள் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் புரியவில்லை. ‘ரெட் லெட்டர் டே’ என்று எழுதிப் போட்டதும், “எந்தக் கட்சி மாநாடு சார்?” என்று கேட்டார்கள். அந்தப் பக்கத்தில் சிவப்பு என்றால் கொடி. வேறு சிவப்பு கிடையாது.

ஆருக்கு அப்பால் எல்லாம் என் சொந்தக் கற்பனை. ‘டர்ன் ஓவர் எ நியூ லீஃப்’ என்றால் என்ன என்று கப்பலேறப் போகிற ஒரு பையன் கேட்டான். லீஃப் என்றால் இலை. புது வாழையிலையைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து அடுத்த பந்திக்குத் தயாராவது, அதாவது பழையதை மறந்து திருந்தி வாழ்வது என்றேன். அர்த்தம் எப்படியோ சரியாக விழுந்துவிட்டது. அந்த லீஃப் புத்தகத்தின் ஏடு என்று தெரிந்தபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது. சிங்கப்பூரில் எத்தனை பேர் வாழையிலையை மனதில் வைத்துக்கொண்டு திருந்தினார்களோ.

ஆனால் அந்த ஒரு வெற்றி என்னைக் கெடுத்தது. அதிலிருந்து ஒரு விதியே செய்து கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: வார்த்தைக்கு வார்த்தை தமிழில் போடு. பிறகு நம் ஊரில் அது எங்கே பொருந்துகிறது என்று பார்.

தமிழ்லயே வெச்சிக்கிட்டாங்க

முத்துவேல் கரைவேட்டிக்காரர். கட்சி ஆட்சிக்கு வருவதற்கு முன்பிருந்தே கட்சியில் இருந்தவர். ரயில்வே ஸ்டேஷன் போர்டில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த கூட்டத்தில் அவரும் உண்டு. மாணவனாக நானும் போயிருந்தேன். என் பங்குக்கு நான் பூசியதில் இந்தியோடு இங்கிலீஷும் பாதி மறைந்துபோயிற்று. பிற்காலத்தில் அந்த மொழிக்கு நான் செய்யப்போகிற சேவைக்கு அது முன்னோட்டம்.

அப்படிப்பட்டவர், தமிழ்ச்செல்வி என்று பேர் வைத்த பெண்ணை இங்கிலீஷ் படிக்கக் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கேட்டேவிட்டேன்.

“நம்ம ஆட்சிதான் சார். சட்டமும் நம்ம சட்டந்தான்” என்றார். “உழுவறவன் பேரக் குத்தகைப் பதிவுல ஏத்தணும்னு போட்டிருக்கு. தமிழ்ல மனு எழுதிக் குடுத்தேன். தாலுகா ஆபீஸ்ல தமிழ்லயே படிச்சாங்க, தமிழ்லயே வெச்சிக்கிட்டாங்க. நெலத்துக்காரரு ஆட்சேபணை இல்லன்னு வாயால ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே ஏறிடும்ங்கிறாங்க. அந்த மனுஷனுக்குத் தமிழ் வராது. அதான் பாப்பாவ இங்க விடுறேன்.”

நிலத்துக்காரர் நம் ஊர் மிராசுதார் குடும்பத்து வாரிசுதான். ஆனால் பிறந்தது, வளர்ந்தது, என்ஜினியரானது எல்லாம் வடக்கே ஏதோ ஒரு இரும்பாலை நகரத்தில். ‘சாப்டாச்சா’ என்பதற்கு மேல் அவருக்குத் தமிழ் போகாது. சம்பா அறுவடை சமயத்தில் மட்டும் வந்து பங்களாவில் தங்குவார். மற்ற நாளெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டது காரியஸ்தர் கோவிந்தராஜு. வெற்றிலை போட்ட வாயோடு, எதையும் பாதிதான் சொல்வார்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் குத்தகைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பயம். பேர் பதிவில் ஏறுவதற்குள் நிலத்தைப் பண்ணை நிலம், அதாவது தாங்களே ஆள் வைத்துச் சாகுபடி செய்வது என்று காட்டிவிட முதலாளிகள் அவசரப்பட்டார்கள். அதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. பொழுது சாய்ந்ததும் நாலைந்து ஆட்கள் வந்து களத்திலும் வரப்பிலும் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். விடிந்தால் நிலம் படுத்தவர்கள் வசம். குத்தகைக்காரன் தன் பயிரையே எட்ட நின்று பார்க்க வேண்டியதுதான். ‘ஆள் படுத்துட்டாங்களாமே’ என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால், அந்த வீட்டில் அன்று உலை வைக்க மாட்டார்கள்.

இது எனக்கும் தெரியும். பாதி தெரிந்தவனுக்கு இது தெரிந்திருந்ததுதான் வினை.

எஸ் வரிசை

அன்று காலை நான் முத்துவேல் வீட்டுக்குப் போனபோதே வாசலில் ஏழெட்டுக் கதிர் அரிவாள்களைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். பொங்கல் வருகிறது, சுத்தம் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வரப்பு, வாய்க்கால், நான்.

நிலத்துக்காரர் கழுத்தில் மப்ளர் சுற்றி, கையில் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். பக்கத்தில் கோவிந்தராஜு. பயிர் பாதி பழுப்பும் பாதி பச்சையுமாகத் தலை சாய்த்து நின்றது. அறுப்புக்கு இன்னும் பத்து நாளாவது நிற்க வேண்டும்.

தமிழ்ச்செல்வி பேசினாள். என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தக் கால் மணி நேரம் வரப்பில் நின்று பேசியது. தாத்தா காலத்திலிருந்து இந்த நிலத்தில் நாங்கள் பாடுபடுகிறோம், புயலடித்த வருஷம்கூட உங்கள் பங்கு நெல் பாக்கி வைத்ததில்லை, எங்கள் பேர் பதிவாக நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று தெளிவாகக் கேட்டாள். விரல் மட்டும் தாவணியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எக்ஸலன்ட்! ஹூ டாட் யூ?” என்றார், யார் சொல்லிக்கொடுத்தது என்று.

அவள் என்னைக் காட்டினாள். அவர் என் பேண்டைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே சேறு சொட்டிக்கொண்டிருந்தது. மேற்கொண்டு என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

கோவிந்தராஜு தொண்டையைக் கனைத்து வாய்க்கால் பக்கம் துப்பினார். நிலத்துக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார், பயிரைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “லெட் மீ ஸ்லீப் ஆன் இட்.”

தமிழ்ச்செல்வி என் பக்கம் திரும்பினாள். எஸ். பகோடா.

“என்னங்கிறாரு சார்?” என்றார் முத்துவேல்.

விதி இருக்கிறதே. வார்த்தைக்கு வார்த்தை போட்டேன். “அது மேல தூங்குறேன்கிறார்.”

“எது மேல?”

“இவ்வளவு நேரம் எதைப் பத்திப் பேசினோம்? நிலத்தைப் பத்தித்தானே? அது மேலதான்.”

முத்துவேல் கோவிந்தராஜுவைப் பார்த்தார். கோவிந்தராஜு எங்கேயோ ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரிதான்” என்றார் முத்துவேல். அவ்வளவுதான். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. அதை நான் தைரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது தமிழ்ச்செல்வி மெல்லக் கேட்டாள். “வேற அர்த்தம் இருக்குமா சார்? சிரிச்சிக்கிட்டே சொன்னாரே.”

“சிரிச்சிக்கிட்டேதான் சொல்வாங்க. அதுதான் இங்கிலீஷ்” என்றேன்.

பச்சை நெல்

உச்சி வெயிலுக்குள் வயலில் ஆள் இறங்கிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லி வைத்ததுபோல் வந்து சேர்ந்தார்கள். எவ்வளவு ஒற்றுமை என்று நெகிழ்ந்துபோனேன். அரை விளைச்சலில் அறுத்த நெல்லுக்கு ஒரு வாசனை உண்டு. பால் திரிந்த மாதிரி, லேசாகப் புளிப்பாக. அது அன்று முழுவதும் என் சட்டையில் இருந்தது. யாரும் அறுப்புப் பாட்டுப் பாடவில்லை. அரிவாள் சத்தம் மட்டும். தமிழ்ச்செல்வியும் குனிந்து அறுத்தாள்.

சரியான நேரத்தில் மொழிபெயர்த்து ஒரு குடும்பத்தின் விளைச்சலைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையோடு ஹாஜா பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தினார்.

“நெலத்துக்காரரு ஆளு நிக்காமலா அறுத்தாங்க? வாத்தியாரே, அதத் திருட்டும்பாங்களே.”

அப்படியேதான் சொன்னார்கள். பங்கு பிரிக்க நிலத்துக்காரர் தரப்பு களத்துக்கு வராமல் கதிரில் அரிவாள் வைப்பது வழக்கத்தில் இல்லாதது. மறுநாளே போலீசுக்குப் புகார் போனது. கட்டுக் கட்டாக நெல்லை ஏற்றிக்கொண்டு போனார்கள், முத்துவேலையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் வெளியே வருவதற்குள் நிலத்தில் ஆள் படுத்து எழுந்துவிட்டது. விசாரணை என்று ஒன்று நடந்தது. நிலத்துக்காரரை ஏமாற்றப் பார்த்த சாகுபடிக்காரர் என்று முடிந்தது. பதிவில் அவர் பேர் ஏறவே இல்லை. அடுத்த வருஷம் நிலமே கைமாறிற்று. களத்து மூலையில் தப்பிக் கிடந்த கொஞ்சம் நெல்லைக் குத்திப் பார்த்ததில் பாதி பதர், பாதி குருணை.

நான் பங்களாவுக்குப் போய் நிலத்துக்காரரைப் பார்த்தேன். அவருக்குக் கோபம் இல்லை. வருத்தமாக இருந்தார். அதுதான் தாங்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். ஒரு விஷயத்தின் மேல் தூங்குவது என்றால், உடனே முடிவு சொல்லாமல் ஓர் இரவு யோசித்துக் காலையில் சொல்வது. படுக்கை, பாய் எதுவும் கிடையாது.

“ஐ வாஸ் கோயிங் டு சே யெஸ்” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பி வந்து போர்டைக் கழற்றினேன். கடைத்தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முத்துவேல் குடும்பத்திடம் அந்த அர்த்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தஞ்சாவூரில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்துப் போனேன். பிறகு நகைச்சுவை எழுத ஆரம்பித்தேன். தப்புத் தப்பாகப் பேசினாலும் யாருடைய பயிரும் போகாத தொழில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த வாக்கியத்தின் மேல்தான் நான் இத்தனை வருஷம் படுத்திருந்தேன். நல்ல தூக்கம் என்று சொல்ல முடியாது.

தாராசுரத்தில்

அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெளியூர் நண்பர் ஒருவருக்குத் தாராசுரம் கோவிலைக் காட்டப் போயிருந்தேன். சிற்பங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் பாதிதான் என்பதால், அவரைத் தூண்களிடம் விட்டுவிட்டு வெளியே காபி தேடி நடந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு அம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்து, “சார்?” என்றார்.

தமிழ்ச்செல்வி. முன்நெற்றி நரைத்திருந்தது. சத்துணவு அமைப்பாளர் வேலை. முறுக்குகிற தாவணிக்குப் பதில் புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். சாம்பார் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது.

“அப்பா?”

“தவறிட்டாரு சார். ஆறேழு வருஷம் ஆச்சு.”

“நிலம் போனப்புறம் என்ன செஞ்சாரு?”

“அதே வயல்லதான், கூலிக்கு. புதுசா வாங்குனவங்க நடவுக்கு, அறுப்புக்குக் கூப்பிடுவாங்க. போவாரு. எந்த மடையில தண்ணி நிக்கும், எங்க வடியும்னு இவருக்குத்தான தெரியும்.”

“இங்கிலீஷ் பேசுறியாம்மா இப்ப?”

“யார்கிட்ட சார்?” என்றாள்.

அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தூங்குவது என்றால் யோசிப்பது என்பதை, அவர் சரி என்று சொல்லவிருந்ததை, என் அரைகுறை விதியை நம்பித்தான் அவர்கள் அறுத்தார்கள் என்பதை. அவள் சாம்பாரைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

“நீங்க சொன்னதுக்காக நாங்க அறுக்கல சார்” என்றாள். “அன்னிக்குக் காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடியே கோவிந்தராஜு வீட்டுக்கு வந்துட்டாரு. ராத்திரி களத்துல ஆள் படுக்கும், முடிஞ்சதப் பாத்துக்கன்னு. நல்ல தமிழ்லதான் சொன்னாரு. அப்பவே ஆளுக்குச் சொல்லிவிட்டு, அருவாவெல்லாம் கழுவி வெச்சாச்சு. இவ்வளவு படிச்சிருக்கேன், ஒருதடவ இங்கிலீஷ்ல கேட்டுப் பாக்குறேனேன்னு நான்தான் அப்பாகிட்ட மல்லுக்கட்டுனேன்.”

“ஆனா அவர் சரின்னு சொல்றதா இருந்தாரும்மா. என்கிட்டயே சொன்னார்.”

“அறுத்தப்புறம் சொல்றதுக்கு என்ன சார்?”

“நான் மட்டும் சரியான அர்த்தம் சொல்லியிருந்தா?”

கரண்டியை அண்டா விளிம்பில் தட்டினாள். “காலைல சொல்றேன்னு இவரு சொல்றாரு. ராத்திரி ஆள் படுக்கும்னு அவரு ஆளு சொல்றாரு. காலைல எந்திரிச்சு யாரு வயலுக்கு சார் பதில் சொல்லுவாரு? நீங்க சரியாத்தான் மொழிபெயர்த்திருக்கீங்க.”

கோவில் பக்கமிருந்து நண்பர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் நான் சுமந்துகொண்டிருந்த பாரத்தை ஒரு கரண்டித் தட்டில் இறக்கிவிட்டாள். லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்தக் குடும்பம் விழுந்ததில் என் பங்கு என்று ஒன்றுகூட இல்லை என்பது, என்ன சொல்ல, ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

“அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொல்வாராம்மா?” என்று கேட்டேன்.

“சொல்லுவாரு சார், கடைசி வரைக்கும்” என்றாள். முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “‘வண்டி போற அளவுக்கு வரப்பு, அதுல நடக்கத் தெரியாம விழுந்தாரு பாரு அந்த வாத்தியாரு’ன்னு.”